கும்பத்தடியில் வைத்த கொப்பி

இதை எழுதாமல் விட்டுவிடத்தான் இருந்தேன். பேனையை எடுத்தேன், மூடி வைத்தேன், தேத்தண்ணீர் குடித்தேன், போனைப் பார்த்தேன், யாரோ வளர்க்கிற கிளி ஒன்று கதைக்கும் வீடியோவை முடிவு வரைக்கும் பார்த்தேன். சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தில் இரண்டு தரம் குப்புற விழுந்தவன் எழுதி யார் வாசிக்கப் போகிறார்கள் என்ற எண்ணம்தான். பிறகு யோசித்தால், எழுதாமல் தப்புவதற்கு நான் பட்ட பாட்டை விட எழுதுவது சுகமாக இருக்கும் போலத் தெரிந்தது. இது எனக்கு முன்பும் ஒருமுறை நடந்திருக்கிறது.

நான் மானிப்பாய்ப் பொடியன். அப்பாவுக்குத் தோட்டம். என்னை அதற்குள் இறக்கினால் வெங்காயத்தை விடக் கதைதான் கூட விளையும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும், அதனால் கூப்பிடுவதில்லை. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு கணினி வகுப்பு ஒன்றுக்குப் போனேன், பாதியில் நின்றேன். வீட்டு வயரிங் படிக்கப் போனேன், அதிலும் பாதியில் நின்றேன். மூன்றாவதாக, மயிலிட்டித் துறைமுகத்துக்குக் கிட்ட உள்ள ஒரு பயிற்சி நிலையத்தில் படகு எஞ்சின் திருத்தும் வகுப்பில் சேரப் போகிறேன் என்று சொன்னபோது அம்மா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். இதில் சான்றிதழ் எடுத்தால் ஊரில் நிற்கலாம். எடுக்காவிட்டால் கொழும்பில் மாமாவின் துணிக்கடைக்குப் போய்விட வேண்டும். மாமா ஏற்கெனவே சரி சொல்லிவிட்டார்.

அந்தக் கடையில் ஒரு விடுமுறைக்கு நின்றிருக்கிறேன். மாமா நல்ல மனிதர். ஆனால் நாள் முழுவதும் சீலையை விரித்துக் காட்டுவதும் பிறகு அதை மடிப்பதும்தான் வேலை. நான் விடுகிற பகிடி அங்கே ஒருவருக்கும் விளங்கவில்லை. விளங்கிய ஒரே ஒரு பெண்ணும் சிரித்துவிட்டுச் சீலை வாங்காமல் போய்விட்டாள். அதற்கும் மாமா என்னைத்தான் ஏசினார்.

எஞ்சின் வேறு மாதிரி. வகுப்பின் முதல் கிழமையில், கழற்றிப் பூட்டிய எஞ்சின் ஒன்று இருமி, செருமி, பிறகு ஒரே சீராகச் சத்தம் போடத் தொடங்கியபோது என் வாய் தானாக மூடிக்கொண்டது. அது அப்படி அடிக்கடி மூடுகிற வாய் இல்லை. எனக்கு இந்த வேலை பிடித்துவிட்டது என்று அப்போதே தெரியும். ஆனால் ஒருவருக்கும் சொல்லவில்லை. எல்லாரையும் நக்கல் அடித்துக்கொண்டு திரிகிறவனுக்குத் தனக்கு ஒரு விஷயம் பிடித்திருக்கிறது என்று வெளியே சொல்வது பெரிய சங்கடம்.

அந்த வகுப்பில் எனக்குக் கிடைத்த கூட்டாளி மயிலிட்டிக்காரன். பிறந்தது முகாமில், ஆமி ஊரை விடுவித்த பிறகுதான் சொந்த ஊருக்கே வந்து சேர்ந்தான். தகப்பன் கடலுக்குப் போகிறவர். நான் மினிபஸ்ஸில் தெல்லிப்பழை வரை வந்தால் அங்கிருந்து அவன்தான் தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவான். நான் பின்னால் இருந்து மயிலிட்டி போகும் வரைக்கும் கதைப்பேன். அவன் ஒரு சொல்லும் பேச மாட்டான். ஹெல்மெட் போட்டால் ஒன்றும் கேட்காது என்று பிறகொரு நாள் சொன்னான்.

எங்களுக்குப் படிப்பித்தவர் முப்பது வயதுகூட ஆகாத ஒரு சேர். முதல் நாளே எல்லாருக்கும் ஒவ்வொரு கொப்பி தந்தார். பழுப்பு நிறக் கடதாசியில் உறை போட்டு, முன்பக்கத்தில் ‘பிரதிபலிப்புக் குறிப்பேடு’ என்று எழுதச் சொன்னார். ஒவ்வொரு நாளும் வேலை முடிய நாலு விஷயம் எழுத வேண்டும். என்ன நடந்தது, ஏன் அப்படி நடந்தது, அதில் என்ன விளங்கியது, அடுத்த முறை என்ன செய்வாய். எஞ்சின் திருத்த வந்த எங்களுக்கு இது எதற்கு என்று கேட்டேன். எஞ்சினைக் கழற்றிப் பார்க்கிற மாதிரி, செய்த வேலையையும் கழற்றிப் பார்க்கத்தான் என்றார்.

“பூட்டேக்கை ஒரு நட் மிஞ்சினால் என்ன செய்யிறது, சேர்?” என்றேன்.

வகுப்பு முழுவதும் சிரித்தது. சேர் மாத்திரம் சிரிக்கவில்லை. இறுதி மதிப்பீட்டுக்கு வெளியிலிருந்து ஒருவர் வருவார், அவர் இந்தக் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டுதான் கேள்வி கேட்பார், கொப்பி நிறையாதவனை மதிப்பீட்டுக்கு விட மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பினார்.

அன்றைக்கே நான் அதற்குப் ‘பாவசங்கீர்த்தனக் கொப்பி’ என்று பேர் வைத்தேன். மயிலிட்டிக்காரன் வேதக்காரன். மாதா கோயிலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பழகியவனுக்கு இது சுகம், நாங்கள் சைவக்காரர் எல்லாவற்றையும் தேங்காய் உடைத்து முடித்துவிடுகிறவர்கள் என்று சொல்லிச் சிரித்தேன். அந்தப் பேர் வகுப்பு முழுவதும் பரவியது. சேருக்கும் கேட்டிருக்கும்.

என் கொப்பியில் முதல் நாள் எழுதியது இது: ‘இன்று எஞ்சினைக் கழற்றினோம். பூட்டினோம். நன்றாக இருந்தது.’ இரண்டாம் நாளும் அதுதான். மூன்றாம் நாள் ‘நன்றாக’ என்பதை ‘மிக நன்றாக’ ஆக்கினேன். சேர் அதன் கீழே சிவப்புப் பேனையால் ‘பிறகு?’ என்று எழுதியிருந்தார். நான் அதன் கீழே ‘பிறகு வீட்டுக்குப் போனோம்’ என்று எழுதினேன். அதற்குப் பிறகு தாரா வாத்துப் படம் ஒன்று கீறினேன். தாராவின் வாலில் ஒரு எஞ்சின் பூட்டினேன். நல்ல வடிவாக வந்திருந்தது. அதோடு என் எழுத்து நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் சேர் கொப்பி கேட்கும்போதெல்லாம் வீட்டில் மறந்துவிட்டேன், மழையில் நனைந்துவிட்டது, தங்கச்சி தன் கொப்பி என்று எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்று ஒவ்வொன்று சொன்னேன். எனக்குத் தங்கச்சி இல்லை.

அப்படியே நவராத்திரி வந்தது.

எங்கள் பக்கத்தில் கடைசி மூன்று நாளும் சரஸ்வதிக்கு உரியவை. கும்பத்தடியில் புத்தகம், கொப்பி, பேனை எல்லாவற்றையும் அடுக்கி, வெள்ளைத் துணி போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து விடுவார்கள். விஜயதசமி அன்று காலையில்தான் எடுக்கலாம். அதுவரை படிக்கவும் கூடாது, எழுதவும் கூடாது. பள்ளிக்கூடக் காலத்தில் என் வாழ்க்கையிலேயே எனக்குப் பிடித்த சட்டம் அதுதான். பயிற்சி நிலையத்திலும் வாணி விழா வைத்தார்கள். கொப்பிகளோடு நட் கழற்றுகிற சாவிகள், சுத்தியல், பிளக் கழற்றுகிற குழாய், எஞ்சின் மூடி எல்லாம் கும்பத்தடிக்குப் போயின. ஆயுதமும் பூசையில் இருப்பதால் விஜயதசமி வரை வகுப்பு இல்லை.

பூசைக்குக் கொஞ்சம் முன்னால் சேர் என்னைத் தேடி வந்து கொப்பியைக் காட்டச் சொன்னார். நான் முந்திவிட்டேன். என் கொப்பியை அடுக்கின் அடியில் வைத்து, அதன் மேல் எல்லாருடைய கொப்பிகளும் ஏறி, ஐயர் துணியையும் விரித்துவிட்டார்.

“சரஸ்வதிக்கு வைச்சிட்டன், சேர்,” என்றேன், கையைக் கூப்பிக்கொண்டு.

அவர் கும்பத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்விட்டார். இவ்வளவு நல்ல தப்பும் வழி அதுவரை எனக்குக் கிடைத்ததில்லை.

பூசை முடிந்து அவலும் கடலையும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பூசையில் கடலை கூடத் தின்கிறவன் வேதக்காரன்தான் என்று நான் மயிலிட்டிக்காரனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது சேர் போனோடு உள்ளே வந்தார். அடுத்த மாதம் வருவதாக இருந்த மதிப்பீட்டாளர் விஜயதசமிக்கு மறுநாளே வருகிறாராம். எல்லாரும் அவரவர் கொப்பியோடு வர வேண்டும். என் வாயில் அவல் இருந்தது. அது அங்கேயே நின்றது.

விஜயதசமி ஒரு நாளை விட்டால், எழுத எனக்கு இருந்த நாட்கள் அந்த மூன்றும்தான். அந்த மூன்றிலும் கொப்பி கும்பத்தடியில். அதை அங்கே வைத்தது நான்.

வேறு ஒற்றைத் தாளில் எழுதி வைத்துப் பிறகு பார்த்து எழுதலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எங்கள் அம்மாவை உங்களுக்குத் தெரியாது. நான் கணிதத்தில் விழுந்ததற்கு, ஒருமுறை சரஸ்வதி பூசை நாளில் மதிலில் கரியால் கிரிக்கெட் ஸ்டம்ப் கீறியதுதான் காரணம் என்று அவர் இன்றைக்கும் நம்புகிறார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கும் கொஞ்சம் பயம்தான். மூன்றாவது வகுப்பும் போகப் போகிற நேரத்தில் சரஸ்வதியோடு வேறு கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் காலையில் மயிலிட்டிக்குப் போனேன். கூட்டாளி துறைமுகத்துக்குப் பக்கத்தில், கரையில் ஏற்றி வைத்திருந்த தகப்பனின் படகடியில் நின்று எஞ்சினை நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தான். அவனுக்கு எழுதத் தடை இல்லை என்பது எனக்குத் தெரியும். அவன் கொப்பியும் கும்பத்தடியில் இருந்தாலும் அவன் வீட்டில் பேனை இருந்தது. அதனால் நேரே விஷயத்துக்கு வந்தேன்: நான் சொல்லச் சொல்ல நீ ஒரு ஒற்றையில் எழுது, நான் விஜயதசமியன்று அதைப் பார்த்து எழுதுகிறேன்.

“நீ சொல்லு பாப்பம். முதல் மாசம் என்ன படிச்சனாங்கள்?” என்றான்.

நான் வாயைத் திறந்தேன், விரல்விட்டு எண்ணப் பார்த்தேன். இவ்வளவு காலம் ஒவ்வொரு நாளும் போயிருக்கிறேன், எஞ்சினில் கை வைத்திருக்கிறேன், சட்டையில் எண்ணெய் பட்டிருக்கிறது. என்ன படித்தாய் என்று கேட்டால் ‘கழற்றினோம், பூட்டினோம்’ என்பதற்கு மேல் ஒரு வரி இல்லை.

“சரி, உனக்கு என்னதான் ஞாபகம் இருக்கு?”

“பகிடியள் எல்லாம் ஞாபகம் இருக்கு.”

“அப்ப அதைச் சொல்லு,” என்றான். எஞ்சினைக் கழுவுவதை அவன் நிறுத்தவில்லை. பொழுது போகட்டும் என்றுதான் கேட்டான் என்று நினைக்கிறேன்.

சொன்னேன். பருத்தித்துறைக்காரப் பொடியன் ஒருவன் எங்களோடு படித்தான். அவன் ஒருநாள் எஞ்சினின் காலுக்குள், அதாவது தண்ணீருக்குள் நிற்கிற அடிப் பகுதிக்குள், கியர் ஒயில் விட்டுக்கொண்டு நின்றபோது, உங்கள் ஊரில் பிள்ளைக்கு மூக்காலையோ பால் பருக்குகிறவர்கள் என்று கேட்டேன். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அதைச் சொல்லும்போது எனக்கு மறுபடியும் சிரிப்பு வந்தது.

“ஏன் மூக்கு?” என்றான் மயிலிட்டிக்காரன்.

ஏனென்றால் அவன் மேல் ஓட்டையால் ஒயிலை விட்டான். அதிலே இரண்டு ஓட்டை உண்டு. கீழ் ஓட்டையால்தான் விட வேண்டும். கீழிருந்து ஏறி வந்து மேல் ஓட்டையால் வழிந்தால்தான் நிறைந்தது என்று அர்த்தம். மேலால் விட்டால் உள்ளே இருக்கிற காற்று வெளியே போக வழியில்லை. நிறைந்த மாதிரிக் காட்டும், உள்ளே பாதிதான் இருக்கும். இதையெல்லாம் நானே சொல்லிக்கொண்டு வருவது எனக்குப் பாதியில்தான் உறைத்தது. நிறுத்தினேன். அவனும் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தான்.

“இன்னொண்டு சொல்லு,” என்றான்.

இன்னொன்று அவனைப் பற்றியதே. பயிற்சி நிலையத்தில் தண்ணீர் நிரப்பிய ஒரு தகரப் பீப்பாயின், அதாவது பரலின், விளிம்பில் எஞ்சினைப் பூட்டித்தான் ஓட்டிப் பார்ப்போம். ஒருநாள் அவன் கயிற்றை இழுத்தான், எஞ்சின் உடனே பிடித்து, பரல் தண்ணீர் முழுவதையும் எங்கள் மேல் அடித்தது. சேரின் வெள்ளைச் சட்டையும் தப்பவில்லை. மயிலிட்டியில் கலியாண வீட்டுக்குப் பன்னீர் இப்படித்தான் தெளிக்கிறவர்களோ என்று கேட்டேன். சிரித்து முடிந்தது. இப்போது ஏன் என்று யோசித்தால், எஞ்சின் கியரில் கிடந்திருக்கிறது. ஏன் கியரில் கிடந்தது? எஞ்சின் காலின் அடியில் சுழல்கிற விசிறியில் சுற்றியிருந்த நைலோன் நூலை எடுத்துவிட்டு, கியர் விழுகிறதா என்று போட்டுப் பார்த்தவன், திருப்பி எடுக்கவில்லை. அப்படியானால் கயிற்றில் கை வைப்பதற்கு முன் கியரைப் பார்க்க வேண்டும், யார் கடைசியாகத் தொட்டிருந்தாலும் சரி.

மத்தியானம் வரை இதுதான் நடந்தது. நான் பகிடியைச் சொல்வேன். அந்தப் பகிடிக்குப் பின்னால் யார் எங்கே நின்றார்கள், கையில் என்ன இருந்தது, எது பிழைத்தது என்று எல்லாம் ஒவ்வொன்றாக வரும். பிழைக்காத இடத்தில் நான் பகிடி விடவே இல்லை. யாரும் ஒரு வேலையைச் சரியாகச் செய்தால் அதில் சிரிக்க என்ன இருக்கிறது? மற்றவர்கள் பேனையால் எழுதியதை நான் வாயால் எழுதி வைத்திருக்கிறேன் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அவனுடைய அம்மா மீன் குழம்போடு சோறு கொடுத்தனுப்பினார். நவராத்திரி விரதம் என்று சொல்லி நான் வெறும் சோறும் தேங்காய்ச் சம்பலும் தின்றேன். அவன் என் முகத்துக்கு நேரே பாரை மீன் தலையை உறிஞ்சினான். காலை முழுவதும் நான் அவனைப் பற்றிச் சொன்னதற்கு அது சரிதான்.

சாப்பிட்ட பிறகு நல்ல பகிடி ஒன்றை எடுத்தேன். அவன் ஒரு காலையில் எஞ்சின் கயிற்றை இழுத்தான், இழுத்தான், சட்டை நனைய இழுத்தான். எஞ்சின் பிடிக்கவே இல்லை. தைப்பொங்கல் விளையாட்டுப் போட்டிக்குக் கயிறு இழுக்கப் பழகுகிறாயோ, எதிர்ப் பக்கத்துக்கு ஆள் பிடித்துத் தரட்டோ என்று நான் கேட்டேன். அந்தச் சிரிப்புக்குள் சேர் வந்து, காப்பரேற்றரை வடித்துப் பார்க்காமல் மாடு மாதிரி இழுக்கிறாய் என்று அவனை ஏசினார். எரிபொருள் காற்றோடு கலக்கிற அந்தக் காப்பரேற்றருக்குள் நின்றது மண்ணெண்ணெய்.

எங்கள் கரையில் ஓடுகிற எஞ்சின்களில் பலதும் மண்ணெண்ணெயில் ஓடுகிறவை. ஆனால் குளிர்ந்து கிடக்கிற எஞ்சின் மண்ணெண்ணெயில் பிடிக்காது. பெற்றோலில் தொடக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிற்பாட்டுவதற்கு முன் திரும்பவும் பெற்றோலுக்கு மாற்றிக் கொஞ்சம் ஓட விட வேண்டும். அப்போதுதான் அடுத்த நாள் தொடக்குவதற்குக் காப்பரேற்றருக்குள் பெற்றோல் நிற்கும். இவ்வளவையும் நான் வரிசையாகச் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு,

“அதுக்கு முதல் நாள் பின்னேரம் எஞ்சினை நிப்பாட்டினது ஆர்?” என்றான்.

தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை.

“யோசி. மழை இருட்டிக்கொண்டு வந்தது. பஸ் போகப்போகுது எண்டு நீ ஓடினனீ. ஓடுறதுக்கு முதல் கையாலை என்ன செய்தனீ?”

என் தலைக்கு ஒன்றும் வரவில்லை. கைக்குத்தான் வந்தது. பெருவிரலில், எஞ்சினை நிற்பாட்டுகிற அந்தச் சிவப்புப் பொத்தான். பெற்றோலுக்கு மாற்றவில்லை. அமத்திவிட்டு ஓடினேன். அடுத்த நாள் காலையில் வந்து, நான் வைத்துவிட்டுப் போன மண்ணெண்ணெயோடு மல்லுக்கட்டியவனைப் பார்த்துச் சிரித்தேன்.

“நீ ஏன் அப்பவே சொல்லேல்லை?” என்று கேட்டேன்.

“எல்லாரும் சிரிச்சுக்கொண்டு நிண்டாங்கள். அதுக்குள்ளை என்னத்தைச் சொல்லுறது?”

அவன் கோபமாகச் சொல்லவில்லை. எஞ்சினின் மேல் துணியைப் போட்டுத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

காலையிலிருந்து நான் சொன்ன பகிடிகளைத் திருப்பி நினைத்துப் பார்த்தேன். பருத்தித்துறைக்காரனின் பிழை இருந்தது, இவனுடைய பிழை இருந்தது, சேரின் பிழைகூட ஒன்று இருந்தது. என்னுடையது ஒன்றுமில்லை. நான் பிழை விடாதவன் என்பதால் இல்லை. என்னைப் பார்த்துப் பகிடி விட அங்கே ஆள் இருக்கவில்லை, நானே முந்திவிடுவேன். எல்லாரும் சிரித்து முடிந்தால் விஷயமும் முடிந்துவிடும். ஏன் என்று அதற்குப் பிறகு ஒருவரும் கேட்பதில்லை. சேரின் நாலு கேள்வியில் இரண்டாவதற்குப் போக விடாமல் வாசலில் நின்று மறித்தவன் நான்தான். எழுதாமல் தப்பியதாக நினைத்துக்கொண்டிருந்தேன். தப்பிப் போனது படிப்பு.

“சரி, என்ரை பிழையளைச் சொல்லு,” என்றேன்.

அவன் யோசிக்கவே இல்லை. அடுக்கிக்கொண்டு போனான். நான் பிளக்கைக் கையால் தொடக்காமல் சாவியாலேயே முறுக்கிப் புரி கெடுத்தது. தண்ணீர் இல்லாத பரலில் எஞ்சினைப் போட்டு ஓட்டப் போனது. வகுப்பில் அவ்வளவு காலமும் வாயைத் திறக்காதவன் இவ்வளவையும் எங்கே வைத்திருந்தான் என்று எனக்கு ஆச்சரியம். ஆனால் பெற்றோலுக்கு ஏன் மாற்ற வேண்டும், குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஏன் பிடிக்காது என்று நான் திருப்பிக் கேட்டபோது அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. அப்பா செய்கிறார், தானும் செய்கிறான் என்றான். சின்ன வயதிலிருந்து கை செய்து வருகிற வேலை. கேள்வி அதற்குள் போனதே இல்லை. இரண்டு பேரும் படகடியில் இருந்து அதைப் பிய்த்தோம். வீட்டில் அடுப்பு மூட்டுகிறபோது மண்ணெண்ணெய் ஊற்றியவுடன் பற்றுவதில்லை, கொஞ்சம் சூடு பிடிக்க வேண்டும், பெற்றோல் என்றால் கிட்டப் போனாலே பற்றும் என்பதில் தொடங்கி ஒருவழியாக வந்து சேர்ந்தோம். தன் கொப்பியில் அது இல்லை, எழுத வேண்டும் என்றான்.

எனக்கு எழுதித் தருகிறாயா என்று கடைசியாக ஒருமுறை கேட்டேன்.

“உன்ரை கொப்பி, உன்ரை பிழை. நான் எழுதினால் அது என்ரை ஆகிப்போம்,” என்றான்.

அடுத்த நாளும் போனேன். பேனை தொடவில்லை. கதைத்துக் கதைத்தே எல்லாவற்றையும் தலைக்குள் வரிசைப்படுத்தினேன். விஜயதசமி காலையில் கொப்பிகளைத் திருப்பித் தந்தபோது உறையில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. அன்றைக்கு ஒவ்வொருவரும் கும்பத்துக்கு முன்னால் இருந்து ஒரு வரியாவது எழுத வேண்டும். நான் எழுதிய வரி: ‘எஞ்சினை மண்ணெண்ணெயில் நிற்பாட்டியது நான்.’ பிறகு எல்லாரும் போய்விட்டார்கள், நான் அந்த மண்டபத்திலேயே இருந்து பொழுது சாயும் வரை எழுதினேன். விரல் வலித்தது. தாராவை அழிக்கவில்லை.

மறுநாள் காலை சேர் என் கொப்பியைப் புரட்டிப் பார்த்தார். முதலிலிருந்து கடைசி வரை ஒரே மை, ஒரே கை வேகம். அது ஒரு நாள் எழுத்து என்று பார்க்கிற எவருக்கும் தெரியும். அவர் அதைத் திருப்பித் தந்து, உள்ளே போ என்று தலையை ஆட்டினார்.

மதிப்பீட்டாளர் அம்மா வயதில் ஒரு பெண். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் வாசித்தார். நான் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு, கொழும்புக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னல் பக்கம் கிடைக்குமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

“இதெல்லாம் எப்ப எழுதினனீர், தம்பி?”

ஒரு நல்ல பதில் வாய் வரை வந்தது. சரஸ்வதியே மூன்று நாள் வைத்திருந்து எழுதித் தந்தவ என்று. அதை விழுங்கினேன்.

“நேற்று, மிஸ்.”

“முழுக்கவும்?”

“ஓம்.”

“அப்ப இது நாட்குறிப்பு இல்லையே.”

“இல்லை, மிஸ். நடந்தது மட்டும் உண்மை.”

அவர் கொப்பியை எடுத்துக்கொண்டு என்னைப் பரலடிக்குக் கூட்டிப் போனார். மண்ணெண்ணெய்ப் பக்கத்தைத் திறந்து வைத்து, எஞ்சினைத் தொடக்கு, ஓட்டு, நிற்பாட்டு என்றார். ஒவ்வொரு அசைவுக்கும் ஏன் என்று கேட்டார். கயிற்றைத் தொட முன் கியரைப் பார்த்தேன், ஏன் என்றார். தண்ணீர் பீச்சுகிறதா என்று பார்த்தேன், ஏன் என்றார். பெற்றோலுக்கு மாற்றிவிட்டு நின்றேன், ஏன் நிற்கிறீர் என்றார். எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. படகடியில் இரண்டு பேரும் பிய்த்துக் கண்டுபிடித்த பதில்கள்.

கடைசியில் சொன்னார்: வேலை போதும், கொப்பி போதாது. அடுத்து வருகிற வேலைத்தளப் பயிற்சிக் காலம் முழுவதும் ஒவ்வொரு நாளும் எழுத வேண்டும். அது முடிய வந்து பார்ப்பார். அதுவரை சான்றிதழ் இல்லை.

வீட்டில் போய்ச் சொன்னபோது, இது தேறியதா விழுந்ததா என்று அம்மா கேட்டார். எனக்கே தெரியவில்லை. மாமா தைப்பொங்கல் வரைக்கும் பொறுப்பாராம். அதற்குப் பிறகு வேறு பொடியனைப் பிடிப்பாராம்.

துறைமுகத்துப் பக்கம் உள்ள எஞ்சின் திருத்துகிற ஒரு சின்னக் கராச்சில் எனக்கும் மயிலிட்டிக்காரனுக்கும் இடம் கிடைத்தது. ஒவ்வொரு நாள் பின்னேரமும் கை கழுவிவிட்டு எழுதினேன். பகிடியில்தான் தொடங்குவேன். அதை விட முடியவில்லை, அதோடு அது நல்ல வாசல் என்று தெரிந்துவிட்டது. வாசலிலேயே நிற்காமல் உள்ளே போகத்தான் பழக வேண்டியிருந்தது. ஒருநாள் ஒரு அண்ணை கொண்டு வந்த எஞ்சினுக்குப் பிளக் மாற்றினேன், உடனே பிடித்தது, அவர் முதுகில் தட்டிவிட்டுப் போனார். அன்றைக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுத இருந்தேன். என்ன நடந்தது, எழுதினேன். ஏன் நடந்தது என்ற இடத்தில் பேனை நின்றது. பழைய பிளக் கறுத்து எண்ணெய் பிசுபிசுத்துக் கிடந்தது. அது ஏன்? தெரியாது. வெறும் இடமாக விட்டேன். அந்த வெறும் இடம் இரவு முழுவதும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. மறுநாள் அவர் வந்தபோது எரிபொருளுக்குள் ஒயில் எப்படிக் கலக்கிறீர்கள் என்று கேட்டேன். கண் அளவுதான் தம்பி என்றார், கொஞ்சம் கூட விட்டால் எஞ்சினுக்கு நல்லதுதானே என்றும் சொன்னார். அந்தக் கூடின ஒயில்தான் எரியாமல் பிளக்கில் படிந்திருக்கிறது. சேருக்கும் இதைச் சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். அந்தத் தலையாட்டலையும் எழுதினேன்.

சில நாள் எழுத ஒன்றும் இருக்காது. அப்போது ஒன்றுமில்லை என்று எழுதுவேன். இரண்டு வரி தள்ளி ஏதோ ஒன்று வந்துவிடும்.

பொங்கலுக்கு முந்திய கிழமை மதிப்பீட்டாளர் வந்தார். இந்த முறை மை நிறம் மாறி மாறி இருந்தது, சில பக்கத்தில் கிறீஸ் விரல் அடையாளம் இருந்தது. ஒரு இடத்தில் சிரித்தார். எந்தப் பகிடிக்கு என்று இன்றைக்கும் தெரியாது. கொப்பியை மூடி, கையெழுத்துப் போட்டார்.

சான்றிதழை அம்மா இரண்டு தரம் வாசித்தார். பிறகு போனை எடுத்து என் கையில் தந்து, மாமாவுக்கு நீயே சொல்லு என்றார். மாமா எடுத்தவுடன், எப்போது வருகிறாய், படுக்க இடமும் பார்த்து வைத்திருக்கிறேன் என்று தொடங்கிவிட்டார். அவ்வளவு பாசமாகக் கேட்கிறவருக்கு முன்னால் எந்தப் பகிடியும் எடுபடாது. வரமாட்டேன் மாமா, எனக்கு இந்த எஞ்சின் வேலை பிடித்திருக்கிறது என்றேன். அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. சரி, நல்லாய் இரு என்றார் அவர்.

வெளியே வந்து மயிலிட்டிக்காரனுக்குச் செய்தி அனுப்பினேன். சான்றிதழ் வந்துவிட்டது, மாமாவிடம் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன், இனி எனக்கு வேறு போக்கிடம் இல்லை, என்னை வைத்து இழுக்க வேண்டியது உன் தலைவிதி என்று நீளமாக எழுதினேன். பிறகு ஒரே ஒரு வரி வந்தது.

“அப்ப நாளைக்கு வெள்ளண வா, ரெண்டு எஞ்சின் கழட்டினபடி கிடக்கு.”